தோட்டத்துப் புட்களின் இல்லறம்

சென்னைக்கு மேற்கே, ஆவடியைக் கடந்து பட்டாபிராம் செல்லும் வழியில் அமைந்துள்ள ஊர் சேக்காடு. ஏரியும் அதனை நம்பிய வயல்களுமாக இருந்த இப்பகுதி, 1960களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்த பின்னர்ப் படிப்படியாகக் குடியிருப்பாக மாறியது. 2019ஆம் ஆண்டு ஆவடி மாநகராட்சியாக உயர்ந்தது. அதன்பின் தனி வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்ககங்கள் எழுவது நாள்தோறும் காணும் காட்சியாகிவிட்டது. எனினும் பழைய வீடுகள் சிலவற்றின் பின்புறத்தில் ஒரு முருங்கையும் ஓர் எலுமிச்சையும் இன்னும் நிற்கின்றன. அத்தகைய வீடொன்றில் வாழும் நாம், கடந்த மூன்று ஆண்டுகளாக அங்குக் கூடு கட்டும் பறவைகளைக் கவனித்துக் குறித்து வருகிறோம். கையில் ஒரு குறிப்பேடு, சுவரில் ஒரு கடிகாரம், சன்னலில் ஒரு பழைய திரைச்சீலை ஆகியனவே நம் கருவிகள். பொறுமை என்னும் கருவியைப் பறவைகளே தந்தன.

பறவை இனங்களுள் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை ஒரு பருவத்தில் ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இணைந்து குஞ்சு வளர்ப்பவை என்று ஆங்கிலப் பறவையியலார் டேவிட் லாக் 1968ஆம் ஆண்டு எழுதிய நூலில் கணக்கிட்டார். பாலூட்டி இனங்களிலோ இவ்வாறு வாழ்பவை பத்தில் ஒன்றுக்கும் குறைவு. இவ்வேற்றுமை எதனால் விளைந்தது? பாலூட்டியின் கரு தாயின் வயிற்றில் வளர்கிறது. பிறந்த பின்னும் தாய்ப்பாலையே நம்பி இருக்கிறது. தந்தை அருகிருந்தாலும் அவ்விரண்டிலும் அவனுக்குப் பங்கில்லை. பறவையோ முட்டையை வெளியில் இட்டுவிடுகிறது. இட்ட முட்டையின் மேல் அமரவும், பிறந்த குஞ்சுக்குப் புழு கொணரவும் ஆணாலும் இயலும். மேலும், நம் தோட்டத்துப் பறவைகளின் குஞ்சுகள் பெரும்பாலும் இறகின்றி, கண் திறவாமல் பிறப்பவை. அவற்றைப் போர்த்திக் காக்க ஒருவர் வேண்டும். அதே நேரத்தில் இரை தேட மற்றொருவர் வேண்டும். பிறந்தவுடன் எழுந்து நடக்கும் கோழிக்குஞ்சுக்கு இந்நெருக்கடி இல்லை. சேவற்கோழி தன் குஞ்சுகளை ஏறெடுத்தும் பாராமைக்கு இதுவே காரணமாகலாம்.

புறாவின் முறைமாற்றம்

நம் குறிப்பேட்டின் முதற்பக்கம் புள்ளிப்புறாவைப் பற்றியது. மணிப்புறா என்றும் இதனை வழங்குவர். வாயிற்புறத்து மின்மீட்டர் பெட்டியின் மேல், பத்துப் பதினைந்து சுள்ளிகளைப் பரப்பி, அதனையே கூடென்று கொண்டு இரண்டு வெண்முட்டைகளை இட்டது. கீழிருந்து நோக்கினால் சுள்ளிகளின் இடைவெளியில் முட்டை தெரியும். கட்டடக் கலையில் புறாவைப் போன்ற சோம்பேறி வேறொன்று இல்லை என்றே எண்ணினோம். ஆனால் அதன் காவற்கலையைக் கண்ட பின் அக்கருத்தை மாற்றிக்கொண்டோம்.

புள்ளிப்புறாவில் ஆணும் பெண்ணும் தோற்றத்தில் ஒன்றே. எனவே இரண்டும் அடைகாக்கின்றனவா, ஒன்றுதான் அமர்ந்திருக்கிறதா என்பது தொடக்கத்தில் விளங்கவில்லை. நல்வாய்ப்பாக ஒரு பறவைக்கு வாலில் ஓர் இறகு உதிர்ந்திருந்தது. கம்பியின்மேல் நின்று தலை தாழ்த்தி நிமிர்ந்து கூவியது வால் நிறைந்த பறவை. அவ்வாறு வணங்கிக் கூவுவது ஆணின் இயல்பு. ஆகவே வாலிறகு இழந்தது பெண் என்று துணிந்தோம். இவ்வடையாளம் கிட்டிய பிறகு ஒழுங்கு புலப்பட்டது. காலை ஒன்பது, ஒன்பதரை மணியளவில் ஆண் வந்து கூட்டின் விளிம்பில் நிற்கும். பெண் எழுந்து விலகும். முட்டைகள் வெயிலில் தனித்துக் கிடக்கும் நேரம் சில நொடிகளே. மாலை நான்கு மணிக்கு மேல் பெண் திரும்பி வர, ஆண் எழுந்து செல்லும். இரவு முழுதும் பெண்ணே. பகற்காவல் ஆணுக்கு, இராக்காவல் பெண்ணுக்கு என்னும் இப்பங்கீடு புறா இனங்கள் பலவற்றிலும் காணப்படுவதாக அறிஞர் குறித்துள்ளனர்.

அடைகாத்தல் என்றவுடன் சூடு தருதல் என்றே நாம் பொருள் கொள்கிறோம். சித்திரை, வைகாசியில் சென்னைப் புறநகரில் வெயில் 40 பாகை செல்சியசைத் தொடும்போது நிலைமை தலைகீழாகிறது. கரு நலமுடன் வளர ஏற்ற சூடு ஏறத்தாழ 37, 38 பாகை. அதற்கு மேல் நெடுநேரம் ஏறினால் கரு அழிந்துவிடும். ஆகவே நண்பகலில் அமர்ந்திருக்கும் ஆண்புறா முட்டைக்குச் சூடு தரவில்லை, நிழல் தருகிறது. வாய் திறந்து, தொண்டை துடிக்க, தன்னை வெயிலுக்கு ஒப்புவித்து அமர்ந்திருக்கும் அப்பறவையைக் கண்டபோது கலித்தொகையின் பாலைப் பாடல் நினைவுக்கு வந்தது. வெம்மையால் வருந்திய பெடையின் இளைப்பை ஆண்புறா தன் மெல்லிய சிறகால் ஆற்றும் என்று தலைவன் கூறிச் சென்றதாகத் தலைவி நினைந்து தேறும் பாடல் அது. பாடியவர் பாலை பாடிய பெருங்கடுங்கோ. புலவர் கற்பனை என்று கருதியிருந்த நாம், அதற்குள் கண்ணாற் கண்ட உண்மையும் உண்டென்று தெளிந்தோம். ஏரிக்கரையிலும் வெற்று மனைகளிலும் முட்டையிடும் ஆட்காட்டிக் குருவி இதற்கும் ஒருபடி மேலே சென்று, வயிற்று இறகுகளை நீரில் நனைத்து வந்து முட்டைகளைக் குளிர்விக்கும். அங்கும் இணையின் இரண்டும் பணியைப் பகிர்ந்துகொள்கின்றன.

புறாவிடம் மற்றொரு வியப்பும் உண்டு. குஞ்சு பொரித்த முதல் சில நாட்கள் அது தானியமோ புழுவோ ஊட்டுவதில்லை. தீனிப்பையின் உட்சுவர் தடித்து, அதிலிருந்து கழன்று வரும், புரதமும் கொழுப்பும் செறிந்த தயிர் போன்ற பொருளைக் குஞ்சின் வாயில் ஊட்டுகிறது. இதனைப் புறாப்பால் என்பர். இப்பால் தாய்க்கும் சுரக்கும், தந்தைக்கும் சுரக்கும். இரண்டிலும் இதனைத் தூண்டுவது புரோலாக்டின் என்னும் இயக்குநீர். மனிதத் தாய்க்குப் பால் சுரப்பதற்கும் அதே இயக்குநீரே காரணம். 1930களின் தொடக்கத்தில் அமெரிக்க அறிஞர் ஆஸ்கார் ரிடில் அதற்கு அப்பெயரை இட்டதும் புறாவின் தீனிப்பையை ஆராய்ந்தபோதுதான். பழவேற்காட்டு ஏரிக்கு வரும் பூநாரையிலும் ஆண், பெண் இரண்டும் இவ்வாறு பாலூட்டுகின்றன. பறவையுலகில் இது மிகச் சிலவற்றுக்கே வாய்த்த பேறு.

ஓர் இழப்பு

இரண்டாம் ஆண்டு அதே இணை அதே இடத்தில் கூடமைத்தது. பெண்ணின் வால் அதற்குள் வளர்ந்துவிட்டமையால் ஆண்டு மாறியும் அதே பறவைதானா என்று உறுதி கூற இயலாது. நடத்தை அவ்வாறே இருந்தது. வெயில் கடுமையாக இருந்ததால் நாம் எலுமிச்சைச் செடியின் அடியில், நிழலாயிற்றே என்று, ஒரு மண்சட்டியில் நீர் வைத்தோம். முட்டையிட்டு ஏறத்தாழ பத்து நாள் ஆகியிருக்கும். காலையில் முறை மாறிய பின் நீர் அருந்த இறங்கிய பெண்புறாவைச் செடிக்குள் பதுங்கியிருந்த பூனை கவர்ந்து சென்றது. எஞ்சியவை சில இறகுகளே.

மேலே ஆண் அமர்ந்திருந்தது. மாலை நான்கு மணி ஆயிற்று. மாற்றுவதற்கு எவரும் வரவில்லை. ஐந்தும் ஆயிற்று. இருட்டிய பின்னும் அது எழவில்லை. அதன் வாழ்நாளில் அதற்கு உரியதல்லாத இரவை அது முட்டைகளின் மேலேயே கழித்தது. மறுநாள் நண்பகல் வரை அவ்வாறே இருந்தது. பின்னர்ப் பசி பொறாமல் எழுந்து சென்றது, திரும்பிச் சிறிது நேரம் அமர்ந்தது, மீண்டும் சென்றது. அந்நேரங்களில் முட்டைகளின் மேல் வெயில் நேரே விழுந்தது. மூன்றாம் நாள் கூடு வெறுமையாக இருந்தது. முட்டைகள் பொரிக்கவில்லை.

குஞ்சுகள் பொரித்து ஒரு வாரம் கடந்து, இறகு முளைத்திருந்தால், ஒற்றைப் பெற்றோரே எப்படியாவது வளர்த்து எடுத்திருக்கக்கூடும். அடைகாக்கும் நிலையில் புறாவுக்கு அது இயலாது. பகிர்வு என்பது இங்கு அன்பின் அணிகலன் அன்று. ஓர் உடல் தாங்கும் பசிக்கு உள்ள எல்லை அது. பறவைக்கு நீர் வைப்போர் நிழலைக் கருதிப் புதரின் அடியில் வைப்பது பிழை என்பதை நாம் இவ்வாறு கற்றோம். சட்டி திறந்த வெளியில், புதரிலிருந்து சில அடிகளேனும் விலகி இருத்தல் வேண்டும். நீர் அருந்தும் பறவைக்கு நாற்புறமும் கண் செல்ல வேண்டும்.

சமமல்லாத பங்கு

எல்லாப் பறவைகளும் புறாவைப் போல் நாளைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வதில்லை. அதே எலுமிச்சையில் கூடமைத்த தையல்சிட்டு இதற்குச் சான்று. இலையின் ஓரங்களை அலகால் துளைத்து, சிலந்தி நூலையும் பஞ்சையும் கோத்துத் தைப்பது பெண். துளையைக் கடந்த பஞ்சின் நுனி மறுபுறம் விரிந்து முடிச்சுப் போல் நிற்பதால் தையல் நழுவுவதில்லை. அடைகாப்பதும் பெண்ணே என்பர். ஆண் செய்வது யாது? கூட்டில் அமர்ந்த பெடைக்கு இரை கொணர்கிறது. அண்டையில் காகமோ பூனையோ தென்பட்டால் உடலின் அளவுக்குச் சற்றும் பொருந்தாத பெருங்குரலில் கூச்சலிடுகிறது. இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் வால் நடுவிறகுகள் நீண்டு வளர்வதால் இரண்டையும் எளிதில் பிரித்தறியலாம். பன்னிரண்டு நாட்களில் குஞ்சு பொரித்தவுடன் ஆணின் பணி மாறியது. அன்று முதல் இரண்டும் ஓயாமல் புழு சுமந்தன. விடியற்காலையில் ஒரு மணி நேரம் எண்ணத் தொடங்கிய நாம், எண்ணிக்கை தவறிப்போய் நிறுத்திவிட்டோம்.

ஊதாப்பிட்டுத் தேன்சிட்டிலும் கூடமைப்பது பெண் மட்டுமே. எருக்கம் பஞ்சைத் தேடிக் கொணர்ந்து உள்ளே மெத்தையிடும். ஆண் வெயிலில் மின்னும் உடையுடன் அருகில் பாடிக்கொண்டிருக்கும். கண்டவுடன் அதனை வீணன் என்று தீர்ப்பளித்துவிடத் தோன்றும். ஆனால் குஞ்சுகளுக்கு ஊட்டுவதில் அதுவும் பங்குகொள்கிறது. குஞ்சுகள் கூட்டை விட்டுப் பறந்த பின்னும் சில நாள் அவற்றின் பின்னே அலைந்து ஊட்டுகிறது. நாகணவாய்ப் பறவையாகிய மைனாவில் கூடமைத்தல், அடைகாத்தல், ஊட்டல் ஆகிய மூன்றிலும் இரண்டும் கலந்துகொள்ளும். இரவில் மட்டும் பெண் அமரும். கொண்டைக்குருவியோ ஊட்டி முடித்த பின் குஞ்சின் கழிவு வெளிப்படும் வரை காத்திருந்து அதனையும் அகற்றிவிட்டே செல்லும். தாயும் தந்தையும் இருவரும் இதனைச் செய்கின்றனர் என்பதைக் குழந்தை வளர்த்த தந்தையர் சற்று நின்று படிக்கலாம்.

சங்கப் பாடலும் சிட்டுக்குருவியும்

தமிழ்த்துறை மாணவர்க்கு இப்பொருளில் முதற்பாடமாக அமையத்தக்கது குறுந்தொகையின் 85ஆம் பாடல். வடம வண்ணக்கன் தாமோதரனார் பாடியது, மருதத்திணையில் அமைந்தது, தோழி வாயில் மறுத்த துறை. துள்ளி நடக்கும் ஊர்க்குருவிச் சேவல், சூல் முதிர்ந்த தன் பெடை முட்டையிடுவதற்குரிய இடத்தை அமைக்க, கரும்பின் மணமற்ற வெண்பூவைக் கோதி எடுக்கிறது. அத்தகைய ஊரை உடைய தலைவனோ பரத்தையிற் பிரிந்து, பெடையை ஒத்த தலைவியைத் தனியே விட்டுள்ளான். அவன் இனியன் என்பது பாணன் வாய்ச்சொல் அளவில்தான் என்று தோழி கதவடைக்கிறாள். குருவிக்குள்ள கடமையுணர்வும் அவனுக்கு இல்லை என்பது சொல்லாமற் சொல்லப்பட்டது.

இதில் நமக்கு வியப்பளிப்பது உள்ளுறை மட்டுமன்று. கூட்டுக்குரிய இடத்தைத் தேர்வதும், முதற்பொருள்களைச் சேர்ப்பதும் சிட்டுக்குருவியில் பெரும்பாலும் ஆணின் செயலே என்று இன்றைய பறவையியலும் கூறுகிறது. மணமில்லாப் பூவை ஏன் எடுத்தது? மணத்திற்காக அன்று, மென்மைக்காக. கரும்பின் பூ மெத்தைக்கு ஏற்ற பஞ்சு. புலவர் கரும்புத் தோட்டத்தின் ஓரத்தில் நின்று பார்த்திராமல் இவ்வரிகளை எழுதியிருக்க இயலாது. இதே தொகையின் 46ஆம் பாடலில் மாமலாடனார், முற்றத்துத் தானியத்தை உண்டு, மன்றத்து எருவின் நுண்துகளில் குடைந்து ஆடி, இல்லின் இறைப்பில் தம் பிள்ளைகளுடன் தங்கும் குருவிகளைக் காட்டுகிறார். இறகுப் பேன்களைப் போக்கக் குருவிகள் துகளாடுவதை நாம் சேக்காட்டுத் தெருமுனையில் இன்றும் காண்கிறோம். பறவையின் இளமைக்குப் பிள்ளை என்னும் பெயர் உண்டென்பது தொல்காப்பிய மரபியல் கூறும் செய்தி. சங்கப் புட்களை விரிவாக அறிய விழைவோர் பி. எல். சாமி அவர்களின் சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம் என்னும் நூலை நாடலாம்.

ஆனால் இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. மேடைகளில் பறவைகளைக் கற்புக்கு எடுத்துக்காட்டாகக் கூறுவோர் உளர். பூ இடைப்பட்டாலும் பிரிவாற்றாத மகன்றிலைக் குறுந்தொகையில் சிறைக்குடி ஆந்தையார் பாடியதை அவர்கள் எல்லாப் பறவைகளுக்கும் பொதுவாக்கிவிடுகின்றனர். உண்மை அத்துணை எளிதன்று. இந்தியப் பறவையியலின் முன்னோடியாகிய சாலிம் அலி ஏறத்தாழப் பத்து வயதுச் சிறுவனாக இருந்தபோது, கூட்டுத் துளையின் வாயிலில் காவலிருந்த ஆண் குருவியைச் சுட்டு வீழ்த்தினார். சிறிது நேரத்திற்குள் பெண் குருவிக்கு மற்றோர் ஆண் துணை வந்தமர்ந்தது. அதனையும் சுட்டார். இவ்வாறு ஏழு நாட்களில் எட்டு ஆண் குருவிகள் வீழ்ந்தன. ஒவ்வொரு முறையும் அவ்விடம் நிரம்பியது. 1906-07இல் எழுதிய அச்சிறு குறிப்பைப் பிற்காலத்தில், 1985இல் வெளிவந்த தம் தன்வரலாற்றில் அவரே எடுத்துக் கூறுகிறார். வேட்டைச் சிறுவன் அறிஞனாக மாறிய வரலாற்றில் அக்குறிப்புக்கு ஓர் இடம் உண்டு.

1930ஆம் ஆண்டில், வேலையின்றி மும்பைக்கு அருகிலுள்ள கிஹிம் என்னும் கடலோர ஊரில் மனைவியுடன் தங்கியிருந்த சாலிம் அலி, தூக்கணாங்குருவிகளை நாள்தோறும் கவனித்தார். ஆண் பாதிக் கூட்டைக் கட்டுகிறது. பெண் வந்து சோதித்து ஏற்றால் கூட்டை முடிக்கிறது. அப்பெண் முட்டையிட்டு அமர்ந்ததும் ஆண் அடுத்த கூட்டையும் அடுத்த துணையையும் நாடுகிறது என்று கண்டறிந்தார். ஊரார் போற்றும் அக்கூட்டின் தச்சன், நல்ல தந்தை அல்லன். ஏரிகளில் தாமரையிலை மேல் நடக்கும் நீளவால் இலைக்கோழியில் முறை முற்றிலும் மாறுகிறது. அங்குப் பெண் ஆண்கள் பலரை நாடி முட்டையிட்டுச் செல்ல, அடைகாத்துக் குஞ்சைப் பேணுவது ஆண் மட்டுமே. குயிலோ இரு பாலும் பொறுப்பைத் துறந்து காகத்தின் கூட்டில் முட்டையிட்டுவிடும். தம்மினும் பெரிதாகக் கத்தும் அயற்பிள்ளைக்குக் காக இணை இரண்டும் சலியாமல் ஊட்டுவதை நம் முருங்கையில் இரு முறை கண்டோம்.

இணைந்து வாழ்வதாகத் தோன்றும் சிட்டுக்குருவியிலும் 1987ஆம் ஆண்டு மரபணு ஆய்வு புகுந்தது. அலெக் ஜெஃப்ரீஸ் சில ஆண்டுகளுக்கு முன் கண்டறிந்த மரபணுக் கைரேகை முறையால் குஞ்சுகளைச் சோதித்தபோது, கூட்டில் ஊட்டும் ஆணே எல்லாக் குஞ்சுகளுக்கும் தந்தை அல்லன் என்பது வெளிப்பட்டது. ஆகவே அறிஞர் இன்று குடும்ப நிலையிலான ஒருதுணை வாழ்வு வேறு, மரபு நிலையிலான ஒருதுணை வாழ்வு வேறு என்று பிரித்துரைக்கின்றனர். பறவைகளை நம் ஒழுக்கத்தின் சாட்சிகளாக அழைப்பதும் தகாது. குற்றவாளிகளாக நிறுத்துவதும் தகாது. ஆயினும் ஊட்டல் பொய்யன்று. யாருடைய குஞ்சாயினும் அக்கூட்டின் ஆண் நாள் முழுதும் புழு சுமந்தது மெய்.

குஞ்சுக்கு உணவு

அப்புழுவைப் பற்றியும் ஒரு சொல். சிட்டுக்குருவி தானியம் உண்ணும் பறவை என்று நாம் அரிசி இறைக்கிறோம். ஆனால் அதன் குஞ்சு முதல் நாட்களில் தானியத்தால் வளராது. சிறு பூச்சியும் புழுவும் வேண்டும். சிமெண்டு பூசிய முற்றத்தில் இரு பெற்றோரும் நாள் முழுதும் தேடினாலும் அவை கிட்டா. 2020ஆம் ஆண்டு வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, நாடு முழுவதையும் நோக்கச் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை ஏறத்தாழ நிலையாக உள்ளதென்றும், சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் குறைந்து வருகிறதென்றும் கூறியது. கைபேசிக் கோபுரங்களே காரணம் என்னும் பரவலான கூற்றுக்குப் போதிய சான்று இல்லை. ஓடு வேய்ந்த வீட்டின் இறைப்பும் பூச்சி வாழும் புதரும் ஒருங்கே மறைந்ததே பொருந்தும் விளக்கம்.

மரப்பெட்டி வைக்க விரும்பும் மாணவர்கள் துளையை 32 மில்லிமீட்டர் அளவில் அமைக்கலாம், மைனா நுழையாது. வெயில் நேரே படாத சுவரில், பூனை எட்டாத உயரத்தில் இருத்தல் நன்று. அத்துடன் ஒரு செடியேனும் மருந்து தெளிக்கப்படாமல் இருக்கட்டும். மனிதக் கை பட்ட கூட்டைப் பறவை வெறுத்து ஒதுக்கும் என்பது பெரும்பாலும் தவறான நம்பிக்கை. கீழே விழுந்த குஞ்சை எடுத்துக் கூட்டில் வைக்கலாம். ஆனால் அடிக்கடி சென்று எட்டிப் பார்ப்பது காகத்திற்கு வழி காட்டிவிடும். வேலியையும் மரக்கிளையையும் கழிக்க வேண்டுமானால், இலைகளுக்கிடையே கூடு உண்டா என்று முதலில் நோக்கிய பின் கழிப்பது நலம்.

நம் வீட்டை அடுத்த மனையில் இவ்வாண்டு அடித்தளம் தோண்டுகின்றனர். அங்கிருந்த முருங்கை போயிற்று. மீட்டர் பெட்டியின் மேல் புதிய இணையொன்று சுள்ளி பரப்பியுள்ளது. தோண்டும் பொறியின் இரைச்சலுக்கு முதல் நாள் பெண் எழுந்து ஓடியது, பின்னர்ப் பழகிவிட்டது. நீர்ச்சட்டி இப்போது முற்றத்தின் நடுவில் இருக்கிறது. இன்று காலை ஒன்பது மணி இருபது நிமிடத்திற்கு ஆண் வந்து விளிம்பில் நின்றது. பெண் எழுந்தது, நேரே சட்டிக்கு இறங்கி, அலகை நீரில் அமிழ்த்தி நெடுநேரம் பருகியது.